ட்றைவர்: சாரதி, இயக்கி, செலுத்தி

போன மாரியில், யாழ்ப்பாண நகரத்துக்குள் ஓர் அலுவலகத்தில், பழைய சேர்வர் ஒன்றின் முன்னால் குந்தியிருந்தேன். "ட்றைவரை மாத்தினால் சரிவரும்" என்று நான் போனில் சொன்னது வாசலில் நின்ற காவலாளி ஐயாவின் காதில் விழுந்துவிட்டது. "கொம்பியூட்டருக்கும் ட்றைவரோ தம்பி? அவருக்கு லைசன்ஸ் இருக்கோ?" என்றார். சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஐயா கேட்டதில் பிழை இல்லை. எங்கள் ஊரில் பஸ் ஓட்டுபவர் சாரதி. அவர் சட்டைப்பையில் இருப்பது சாரதி அனுமதிப்பத்திரம். தமிழ்நாட்டில் அதுவே ஓட்டுநர் உரிமம். சாரதி வடமொழிச் சொல், ரதத்தோடு இருப்பவன் என்ற பொருளில் பிறந்தது. பார்த்தனுக்குத் தேரோட்டியதால் கண்ணன் பார்த்தசாரதி. தமிழில் இந்தத் தொழிலுக்கு வலவன், பாகன் என்ற பழஞ்சொற்கள் உண்டு. புறநானூற்றின் 27ஆம் பாட்டில் 'வலவன் ஏவா வான ஊர்தி' வருகிறது. செலுத்துபவன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தி என்று பொருள். (ட்றோனைப் பற்றிப் பேசும்போது இந்த வரியைச் சொல்லாமல் இறங்கும் மேடைப் பேச்சாளர் இல்லை.)

ஆங்கிலச் சொல்லும் வண்டியில் தொடங்கவில்லை. ட்றைவ் என்ற வினை பழைய ஆங்கிலத்தில் ஆடு மாடுகளை முன்னால் விரட்டிக்கொண்டு போவதைக் குறித்தது. மந்தையை ஓட்டியவன் பிறகு வண்டியை ஓட்டினான், அப்புறம் மோட்டார் வாகனத்தை. கணினிக்குள் வந்தபோது, ஒரு வன்பொருளோடு அதன் பாஷையில் பேசி வேலை வாங்கும் நிரலுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மாட்டை ஓட்டுபவனுக்கு மாட்டின் குணம் தெரிய வேண்டும் அல்லவா, அதே கதைதான்.

இந்தக் குணம் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பது, தரவைச் சேமிக்கும் பல தட்டுகளை (டிஸ்க்) ஒன்றாக ஆளும் அட்டையான றெயிட் கட்டுப்படுத்தியில் நன்றாகப் புரியும். றெயிட் என்பது 'மலிவான தட்டுகளின் மிகை அணி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த பெயர். 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ரண்டி காட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை அதைப் பரப்பியது. விலைகூடிய பெரிய தட்டு ஒன்றை நம்பி இருக்காதே, மலிவான சிறு தட்டுகள் பலவற்றை அணியாகக் கட்டு, ஒன்று செத்தாலும் தரவு சாகாதபடி கொஞ்சம் மிகையாக எழுதி வை என்பதுதான் அவர்கள் சொன்னது. 'மலிவான' என்ற சொல்லைப் பிறகு வந்த உற்பத்தியாளர்கள் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். விற்கிறவனுக்கு மலிவு என்ற சொல் இனிக்குமா? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்று என்பதால் பெயர் தப்பியது.

கட்டுப்படுத்தி அட்டைக்குள் தனியாக ஒரு செயலி இருக்கிறது, அதற்கென்று அட்டையிலேயே பதிந்த நிரலான நிலைபொருள் இருக்கிறது. 2 டெராபைட் தட்டுகள் 4 போட்டு, ஒரு தட்டளவு இடத்தை, செத்த தட்டின் தரவை மீட்க உதவும் சமநிலைத் தகவலுக்கு விடும் றெயிட் 5ஆம் நிலையில் கட்டினால், அட்டை வெளியே காட்டுவது 6 டெராபைட்டுக்கு ஒரே தட்டு. உள்ளே நாலு பேர் இருப்பது பணிசெயல் முறைமைக்கு (ஓப்பறேட்டிங் சிஸ்டம்) தெரியாது. இப்போது ட்றைவரின் வேலையைப் பாருங்கள். இந்த இடத்தில் இதை எழுது என்ற கட்டளையை அட்டைக்குப் புரியும் வடிவில் நினைவகத்தில் எழுதி வைக்கும். பிறகு அட்டையில் உள்ள பதிவகம் என்ற ஒரு சிறு நினைவிடத்தைத் தொட்டு, 'கடிதம் வந்திருக்கு' என்று சொல்லும். அந்தப் பதிவகத்துக்கு ஆங்கிலத்தில் வாசல்மணி என்றே பெயர். எங்கள் பக்கத்தில் என்றால் படலையில் தட்டுவது. வேலை முடிந்ததும் அட்டை திரும்பக் கூப்பிடும். தட்டைச் சுழற்றுவதும் பிரித்து எழுதுவதும் ட்றைவர் இல்லை. ட்றைவர் கடிதம் கொண்டுபோகிற ஆள் மட்டும்.

ஆள் மாறினால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு அந்த அலுவலகத்தில்தான் படித்தேன். சேர்வரில் ஓடியது ஃபிரீபிஎஸ்டி என்ற பணிசெயல் முறைமை. அதில் மெகாறெயிட் என்ற வகை றெயிட் அட்டைகளுக்கு எம்எஃப்ஐ, எம்ஆர்சாஸ் என்று இரண்டு ட்றைவர்கள் இருக்கின்றன. சில அட்டைகளை இரண்டுமே ஓட்டும். நான் தொட்ட பதிப்பில், ஒன்றும் சொல்லாமல் விட்டால் பழையவரான எம்எஃப்ஐ வந்து உட்கார்ந்துகொள்வார். புதியவரைக் கூப்பிட, மெஷின் எழும்போது முறைமையை ஏற்றும் நிரலான தொடக்க ஏற்றி படிக்கும் லோடர்.கொன்ஃப் கோப்பில் எம்ஆர்சாஸ் எனேபிள் என்று முடியும் மாறிக்கு 1 என்று கொடுத்தால் போதும். ஒரே ஒரு வரி. கொடுத்தேன், மீளத் தொடக்கினேன், மெஷின் பாதியில் நின்றது.

பிழை என்னுடையதுதான். எம்எஃப்ஐ தன் தட்டுக்கு எம்எஃப்ஐடி0 என்று பெயர் வைக்கும். எம்ஆர்சாஸோ தட்டுகளைக் கையாளும் ஃபிரீபிஎஸ்டியின் பொதுவான ஸ்கஸி அடுக்கு வழியாகப் போவதால் அதே தட்டை டிஏ0 என்று கூப்பிடும். தட்டின் எந்தப் பிரிவை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் நான் பழைய பெயரை அப்படியே விட்டிருந்தேன். வட்டுக்கோட்டைக்கு வழி எது என்று கேட்டால் துட்டுக்கு எட்டுக் கொட்டைப்பாக்கு என்கிற கதையாக, முறைமை ஒரு பெயரைக் கேட்க, அங்கே இருந்தது இன்னொன்று. (வட்டு என்பதும் தட்டுக்கு ஒரு பெயர் என்பதால் இந்தப் பழமொழி இங்கே இரட்டிப்பாகப் பொருந்துகிறது.) முறைமை இருக்கும் மூலப்பிரிவு எது என்று திரை கேட்டதற்குக் கேள்விக்குறியைத் தட்டினால், இருக்கும் பெயர்களைக் காட்டும். புதிய பெயரைக் கொடுத்து உள்ளே போய், கோப்பைத் திருத்தினேன். அடுத்த முறை ட்றைவர் மாறினாலும் தட்டு தொலையாமல் இருக்க, தட்டின் பிரிவுப் பட்டியலான ஜிபிடியில் பிரிவுகளுக்கு அடையாளப் பெயர் வைத்து, எஃப்எஸ்டேப்பில் அதையே எழுதினேன். இதை முதலில் செய்திருந்தால் தேத்தண்ணி ஆறியிருக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். இணையத் தமிழில் ட்றைவருக்குப் பெரும்பாலும் 'இயக்கி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் இரண்டு மனத்தாங்கல். இயக்கு என்ற வினையின் தலையில் ஏற்கெனவே பெரிய சுமை: ஓப்பறேட்டிங் சிஸ்டம் இயங்குதளம், ட்றைவ் இயக்ககம், நிரலை ஓடவிடுவதும் இயக்குவது. 'இயங்குதளத்தில் இயக்ககத்தை இயக்கும் இயக்கியை இயக்கு' என்று ஒரு வழிகாட்டியில் எழுதினால் படிப்பவர் அழுவார். இரண்டாவது, இயக்கி என்றால் சுழலச் செய்வது எது என்றே காதில் விழுகிறது. அந்த வேலையைச் செய்வது மோட்டார்.

சாரதி அழகான சொல், ஊருக்குத் தெரிந்த சொல். ஆனால் அது மனிதனுக்கே ஒட்டிப்போய்விட்டது. 'சாரதியை அழித்துவிட்டு மீண்டும் நிறுவு' என்று எழுதிப் பார்த்தேன், பொலிசுக்குப் போகவேண்டியதுபோல் இருந்தது. வலவனை யாருக்கும் விளங்காது.

என் வாக்கு 'செலுத்தி'க்கு. செல் என்பதன் பிறவினை செலுத்து. வண்டியும் செலுத்தலாம், வரியும் செலுத்தலாம், அம்பும் செலுத்தலாம். ஓட்டுவது, உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற இரண்டு பொருளும் ஒரே வினையில் இருக்கின்றன. ட்றைவர் செய்வதும் அந்த இரண்டும்தான். கட்டுப்படுத்தி என்ற சொல் எப்படி அமைந்ததோ அப்படியே அமைந்தது என்பதால் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும்: றெயிட் கட்டுப்படுத்திக்கான செலுத்தி.

றெயிட்டை மொழிபெயர்க்க வேண்டாம் என்பது என் கட்சி. மிகைத்தட்டு அணி என்று சொல்லலாம். ஆனால் இங்கே கணிதத்தில் வரும் மட்றிக்ஸ் தாயம், கணினியில் வரும் அறே அணி. தமிழ்நாட்டிலோ மட்றிக்ஸ்தான் அணி. கடல் தாண்டினால் குழப்பம். மானிப்பாயில் தமிழில் மருத்துவம் படிப்பித்த டொக்டர் கிறீன், எத்தனையோ சொற்களைத் தமிழாக்கியவர், தன் முயற்சியில் 1875இல் வந்த இரசாயன நூலுக்கு 'கெமிஸ்தம்' என்றே பெயர் வைத்தார். ஒலியை அப்படியே எடுப்பது எங்களுக்குப் புதிதில்லை.

இரண்டு கிழமை கழித்து அந்த அலுவலகத்துக்குத் திரும்பப் போனபோது ஐயா வாசலில் நின்றார். "என்ன தம்பி, உங்கட ட்றைவர் ஒழுங்கா ஓடுறாரோ?" என்றார். "ஓடுறார் ஐயா. நீங்கள் கேட்ட லைசன்ஸும் இருக்கு, பிஎஸ்டி லைசன்ஸ்" என்றேன். மென்பொருளை யாரும் எடுத்துப் பயன்படுத்த விடும் உரிமம் அது. "அது என்ன, கனரக வாகனமோ?" என்று கேட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.