காங்கிரீட்டுக்குள் கார்பன் நானோகுழாய் திரளாமல் நிற்பது எப்படி?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பழைய மதகுகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கம்பி ஓடும் தடத்திலேயே காங்கிரீட் வெடித்திருக்கும். நுண்ணிய விரிசல் வழியே உப்பு இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. இரும்பு துருவானால் இடம் அதிகம் அடைக்கும். மேலே உள்ள காங்கிரீட்டைப் பிளந்துவிடும். விரிசல் கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும்போதே அதைப் பிடித்து நிறுத்தத்தான் சிமெண்டில் கார்பன் நானோகுழாய் (கார்பன் அணுக்களால் ஆன மிக நுண்ணிய குழாய்) கலந்து பார்க்கிறார்கள்.

1991-ல் ஜப்பானின் சுமியோ இஜிமா எழுதிய கட்டுரையால் உலகக் கவனம் பெற்ற பொருள் இது. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர் கொண்ட ரகத்தின் விட்டம் சில பத்து நானோமீட்டர்தான் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கே நானோமீட்டர்). இழுத்தால் எஃகைவிடப் பல மடங்கு தாங்கும். மண்சுவருக்குச் சேறு குழைக்கும்போது வைக்கோல் போடுவது போன்ற வேலைதான். பரவினால் வெடிப்பைப் பிடிக்கும், ஓரிடத்தில் திரண்டால் அந்த இடமே பலவீனம்.

நானோகுழாயோ திரளத்தான் பார்க்கும். தண்ணீரோடு ஒட்டாது, ஒன்றையொன்று வாண்டர்வால்ஸ் விசையால், அதாவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள மெல்லிய ஈர்ப்பால், பற்றிக்கொள்ளும். ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு வெறும் 50 கிராம் போட்டாலும் சும்மா கலக்கினால் கட்டிதான் மிஞ்சும். அதனால் முதலில் தண்ணீரில் போட்டு மீயொலியால் (காதுக்குக் கேட்காத வேக அதிர்வால்) உதறுகிறார்கள். அதிகம் உதறினால் குழாயே ஒடிந்து குட்டையாகிவிடும். பிரிந்தவை மறுபடி சேராமல் காப்பது பாலிமரின், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறின், பொறுப்பு.

இதற்குப் பெரிதும் பயன்படுவது பாலிகார்பாக்சிலேட் என்ற பாலிமர். தண்ணீரைக் குறைத்துக் கலவையை இளக்க, ரெடிமிக்ஸ் காங்கிரீட்டில் ஏற்கெனவே ஊற்றும் திரவம்தான். மூலக்கூறு சீப்பு வடிவம்: முதுகுத்தண்டு பரப்பில் ஒட்டும், பக்கக் கிளைகள் தண்ணீருக்குள் நீட்டி நிற்கும். இரண்டு குழாய்கள் நெருங்கினால் கிளைகள் இடித்துத் தடுக்கும். தண்டில் பென்சீன் வளையங்கள் சேர்த்தால் குழாய்ப் பரப்பை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். கருவேல இனத்து மரங்களின் பிசினும் தண்ணீரில் நானோகுழாயைப் பிரித்து வைக்கும்.

ஆனால் குடுவையில் கிடைத்த வெற்றியை நம்பி உட்காரக் கூடாது. சிமெண்ட் சேர்ந்ததும் தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12.5-ஐத் தாண்டுகிறது, கால்சியம் அயனிகள் நிறைகின்றன. மின்னூட்டத்தை மட்டும் நம்பிப் பிரிக்கும் பொருள்கள் அங்கே தோற்றுவிடும். சோப்பு வகைச் சேர்மங்கள் நுரைத்துக் காற்றுக்குமிழிகளையும் கலவைக்குள் சிக்கவைத்துவிடும். பாலிகார்பாக்சிலேட்டுக்கும் ஒரு சோதனை உண்டு. சிமெண்ட் துகள்களே அதைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும், குழாய்க்கு மிச்சம் குறையும். சரி, அளவைக் கூட்டலாமே என்றால், கலவை இறுகத் தாமதமாகும். ஆகவே, சிமெண்ட் ஊறிய தெளிநீரில் குழாய் கலங்கல் படியாமல் நிற்கிறதா என்று பார்ப்பதே சரியான முதல் தேர்வு என்பேன்.

வாய்க்கால் மதகுக்கு இன்றைக்கு இது வேண்டாம். கம்பிக்கு மேல் போதிய கவர் (மூடும் காங்கிரீட் கனம்), உப்பில்லாத தண்ணீர், நாள் குறையாத கியூரிங் (ஈரம் காயாமல் வைத்தல்) ஆகியவை குறைந்த செலவில் அதிகம் காக்கும். கொள்ளிடம் போன்ற ஆற்றின் பெரிய பாலம் என்றால் கணக்கு வேறு. சீராகப் பரவிய நானோகுழாய்கள் மின்சாரம் கடத்தும் வலையாகின்றன. பாரம் ஏறினாலும் விரிசல் விட்டாலும் மின்தடை மாறும். அதை அளந்தால், கண்ணில் படும் முன்பே பழுது தெரிந்துவிடும்.