கிரகம் முழுக்க நகரமானால் சூடு எங்கே போகும்?

ஐசக் அசிமோவின் நாவல்களில் வரும் ட்ரான்டார் கிரகத்தில், ஏழரைக் கோடி சதுர மைல் நிலப்பரப்பும் ஒரே நகரம். மக்கள்தொகை 4,000 கோடிக்கு மேல். படிக்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். வகுத்துப் பார்த்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 200 பேர்தான் வருகிறார்கள். இன்றைய நெதர்லாந்தில் 500 பேருக்கு மேல் வசிக்கிறார்கள். வயல், மாட்டுப்பண்ணை எல்லாம் போக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி வேறு.

'ஸ்டார் வார்ஸ்' படங்களின் கோரஸ்கான்ட் இன்னும் பெரிய கற்பனை. அங்கே ஒரு லட்சம் கோடிப் பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பூமி அளவுள்ள கிரகத்தில் கடல் பரப்பையும் சேர்த்து அவர்களைக் குடிவைத்தால், சதுர கிலோமீட்டருக்கு 2,000 பேர். சென்னை, மும்பை நெரிசலோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. இடம் தாராளமாக இருக்கிறது. சிக்கல் சூட்டில்தான்.

நாம் செலவழிக்கும் மின்சாரம், எரிபொருள் எல்லாமே அநேகமாகக் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. ஏசி அதை அழிப்பதில்லை. அறைக்குள் இருக்கும் சூட்டைத் தெருவுக்குத் தள்ளுகிறது, கூடவே தன் மோட்டாரின் சூட்டையும் சேர்த்துவிடுகிறது. கிரகம் முழுவதும் கட்டடம் என்றால் தெரு என்பது விண்வெளிதான். அங்கே காற்று கிடையாது, அதனால் அகச்சிவப்புக் கதிராக மட்டுமே வெப்பம் வெளியேற முடியும். அதிகமாக வெளியேற்ற வேண்டுமென்றால் கிரகம் அதிகமாகச் சூடாகியே தீர வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பூமி சூரியனிடமிருந்து சராசரியாகச் சதுர மீட்டருக்கு 240 வாட் உறிஞ்சுகிறது. இன்றைய மனிதகுலத்தின் மொத்த எரிசக்திச் செலவு அதே பரப்பில் வெறும் 0.04 வாட். கோரஸ்கான்ட்வாசி ஒவ்வொருவரும் இன்றைய அமெரிக்கர் அளவுக்கு, அதாவது சுமார் 10 கிலோவாட் செலவழித்தால், அது 20 வாட்டாகிவிடும். காற்றில் கரியமில வாயு இருமடங்கானால் கூடும் சூடு சதுர மீட்டருக்கு 4 வாட்டுக்குச் சற்றுக் குறைவு. இது அதைப்போல் ஐந்து மடங்கு!

சரி, சாப்பாடு? ஒருவருக்குத் தேவையான உணவு, தொடர்ச்சியாக எரியும் 100 வாட்டுக்குச் சமம். வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்குதான் தின்னக்கூடிய உணவாக மாறுகிறது என்று வைத்தால், விளக்கு வெளிச்சத்தில் பயிர் வளர்க்க ஆளுக்கு இன்னொரு 10 கிலோவாட். சூடு இரட்டிப்பாகிறது. ட்ரான்டாருக்கு 20 விவசாய உலகங்களிலிருந்து கப்பல் கப்பலாக உணவு வருவதாக அசிமோவ் எழுதியது இந்த வகையில் நல்ல தீர்வு. விளக்குச் சூடு அந்த உலகங்களோடு நின்றுவிடும்.

ஆனால் பயிரே இல்லாத கிரகத்தில் மூச்சுக்காற்று இன்னொரு வேடிக்கை காட்டும். ஒரு லட்சம் கோடிப் பேர் சுவாசித்தாலும் பூமியின் காற்றில் இருப்பது போன்ற ஆக்சிஜன் இருப்பு தீர ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் ஆகும். அவர்கள் வெளிவிடும் கரியமில வாயுவோ பத்தாண்டுகளுக்குள் காற்றில் இருப்பதை இருமடங்காக்கிவிடும். மூச்சுத் திணறும் முன்பே வெக்கை வந்துவிடும்.

இதற்கெல்லாம் எனக்குப் பிடித்த தீர்வு, நகரத்தைக் குளிர்ந்த இடத்தில் கட்டுவது. செவ்வாய் இருக்கும் தூரத்துக்குச் சூரிய ஒளி பூமிக்கு வருவதில் 43 சதவீதம்தான் வருகிறது. பூமியைப் போன்ற ஒரு கிரகம் அங்கே இருந்தால், நமக்குப் பழகிய தட்பவெப்பத்தை எட்டச் சதுர மீட்டருக்குச் சுமார் 137 வாட் குறையும். ஆளுக்கு 10 கிலோவாட் வீதம் ஏழு லட்சம் கோடிப் பேர் வாழ்ந்தால் அவர்களின் கழிவு வெப்பமே அந்தக் குறையை நிரப்பிவிடும். அப்படி ஒரு கிரகத்தில் மின் நிலையங்கள் நின்றுபோனால் கடல்களும் உறையத் தொடங்கும்.