அம்மை அரிப்பும் ஆத்தங்குடித் தரையும்

மாசி பிறந்து காரைக்குடிப் பக்கம் வெயில் ஏறத் தொடங்கும்போதே சின்னம்மையும் தலைகாட்டிவிடும். முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிற அதே மாசி, பங்குனியில்தான் எங்காவது ஒரு வீட்டு நிலைவாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வீட்டில் தாளிப்பு நின்றுவிடும், விருந்தாளி வரமாட்டார்கள், பிள்ளையை இரண்டாங்கட்டில் ஓர் ஓரமாகப் படுக்க வைத்திருப்பார்கள்.

அம்மை வைரஸை அடக்குவது பிள்ளையின் உடம்பு. மற்றபடி நல்ல ஆரோக்கியமாக இருக்கும் சிறு பிள்ளை என்றால், ஒரு வாரம் பத்து நாளில் அந்த வேலை தானே முடிந்துவிடும். வீட்டிலிருப்பவர்கள் கையில் இருப்பது அரிப்பு. ராத்திரி பத்து மணிக்கு மேல் மூன்று வயதுப் பிள்ளை முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டு அழும்போது எது அந்த அரிப்பை அடக்கும், எப்படி அடக்கும் என்று தெரிந்திருந்தால், பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பாதிப் பதற்றம் குறையும்.

சின்னம்மையைக் கொண்டுவருவது வேரிசெல்லா ஜோஸ்டர் என்ற வைரஸ். காற்று வழியாகவும் கொப்புள நீர் வழியாகவும் தொற்றும். மூக்கு வழியே உள்ளே போனபின் 10 முதல் 21 நாள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் ஏறித் தோலுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் காய்ச்சலும் முத்தும்.

ஒரே ஒரு முத்தைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். காலையில் கொசு கடித்த தடம் போல ஒரு சிவப்புப் புள்ளி. கொஞ்ச நேரத்தில் அது மேடாகிறது. ராத்திரிக்குள் உச்சியில் தெளிந்த நீர் கோத்து, விளக்கு வெளிச்சத்தில் மினுங்குகிறது. தோலின் மேல்படையில் இருக்கும் செல்களுக்குள் வைரஸ் பெருகுகிறது. செல்கள் வீங்கி ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் சேர்கிறது. அப்புறம் ஓரிரு நாளில் அந்த நீர் கலங்கி, நடுவில் குழி விழுந்து, பொருக்குத் தட்டுகிறது. இவ்வளவும் நடப்பது மேல்படையில் மட்டும். அதனால் பொருக்குத் தானாக உதிர்ந்தால் பெரும்பாலும் தழும்பு நிற்காது. நகம் பட்டு அடித்தோல் வரை கிழிந்தால் நிற்கும்.

தடுப்பூசி போடாத பிள்ளைக்கு மொத்தம் 250 முதல் 500 முத்து வரை போடலாம். எல்லாம் ஒரே நாளில் வராது. மூன்று, நான்கு நாளைக்கு அலையலையாக வரும். ஒரே முதுகில் புள்ளி, நீர்க்கொப்புளம், பொருக்கு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அது தட்டம்மை இல்லை, சின்னம்மை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இனி அரிப்புக்கு வருவோம். வைரஸ் பெருகும் இடத்துக்கு உடம்பின் எதிர்ப்புச் செல்கள் ஓடிவருகின்றன. தோலில் உள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன, கூடவே வேறு சில ரசாயனங்களும் சேர்கின்றன. இவை மிக மெல்லிய நரம்பிழைகளின் நுனியைத் தூண்ட, சேதி தண்டுவடம் வழியாக மூளைக்கு ஏறுகிறது. பிள்ளை சொறிந்தால் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வலி உண்டாகும். வலிச் சேதி தண்டுவடத்துக்கு வந்ததும், அங்கிருக்கும் தடுப்பு நரம்புகள் அரிப்புச் சேதியை அமுக்கிவிடும். சொறிவதில் இருக்கும் சுகம் அதுதான். ஆனால் நகம் கிளறிய தோலில் இன்னும் வீக்கம், இன்னும் ரசாயனம். கொஞ்ச நேரத்தில் முன்னைவிட அதிகமாக அரிக்கும்.

ஆகவே "சொறியாதே" என்று அதட்டிப் பயனில்லை. பெரியவர்களாலேயே அடக்க முடியாததைப் பிள்ளை எப்படி அடக்கும்? நகம் படாமலே அந்தத் தடுப்பு நரம்புகளை வேலை செய்ய வைப்பதுதான் வழி. குளிர்ச்சி அதைச் செய்யும். மெதுவான தொடுதலும் செய்யும். நம் வீடுகளில் இரண்டுமே இருக்கின்றன.

முதலில் குளிர்ச்சி. ஹிஸ்டமினுக்குத் துடிக்கும் அரிப்பு நரம்புகள் பலவற்றில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி, அதாவது தூண்டலைப் பிடித்துக்கொள்ளும் புரதம், இருக்கிறது. சூட்டை உணர்வதும் மிளகாய்க் காரத்தை உணர்வதும் இதே ஏற்பிதான். தோல் சூடேறினால் இந்த நரம்புகள் இன்னும் சுலபமாகக் கிளம்பும். டிஆர்பிஎம்8 என்ற இன்னோர் ஏற்பி குளிர்ச்சியை உணர்வது; அது தூண்டப்பட்டால் அரிப்புச் சேதி தண்டுவடத்திலேயே அமுங்குகிறது. மிளகாயில் உள்ள கேப்சைசினைப் பிடித்துக்கொண்டு டிஆர்பிவி1ஐக் கண்டுபிடித்தவர் டேவிட் ஜூலியஸ். அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ராத்திரியில் அரிப்பு கூடுவதற்கும் காரணம் உண்டு. தூக்கம் வரும் நேரத்தில் தோலுக்கு ரத்த ஓட்டம் கூடி மேல் சூடாகும். வீக்கத்தைத் தணிக்கிற கார்டிசால் என்ற ஹார்மோன் அப்போது குறைந்திருக்கும். பகலில் கதை சொல்லவும் விளையாட்டுக் காட்டவும் ஆள் இருக்கும், ராத்திரியில் பிள்ளையின் கவனம் முழுக்கத் தோல் மேலேயே நிற்கும்.

பஞ்சு மெத்தை உடம்புச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் பக்கத்து வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் அப்படி இல்லை. சிமெண்டும் மணலும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்த, சூளைக்கே போகாத கல் அது. உடம்பிலிருந்து சூட்டை வாங்கித் தரைக்குள் கடத்திவிடும். நடுமுற்றம் வழியாகச் சூடான காற்று மேலே ஏறிப் போவதால் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் காற்றோட்டமும் இருக்கும். அங்கே நன்றாகத் துடைத்த தரையில், பல காலம் துவைத்து நைந்த கண்டாங்கிச் சேலையை ஒரே மடிப்பாக விரித்துப் படுக்க வையுங்கள். புதுக் கண்டாங்கி வேண்டாம், அது முரடு, கொப்புளத்தை உரசும். பாலியெஸ்டர் கவுனும் வேண்டாம். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் கான்கிரீட் அறை ராத்திரி முழுக்கச் சூட்டைக் கக்கும், அதில் மட்டும் படுக்க வைக்காதீர்கள். காய்ச்சல் ஏறிப் பிள்ளை நடுங்கும்போது தரை கூடாது. நடுக்கம் நிற்கும்வரை மெல்லிய போர்வை போதும்.

குளியல் விஷயத்தில் அப்பத்தாக்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தலைக்குத் தண்ணி ஊற்றும் நாள் வரை மேலில் தண்ணீரே படக்கூடாது என்பார்கள். பெரியம்மையில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர் செத்த காலத்திலிருந்து வந்த அச்சம் இந்தக் கட்டுப்பாடுகளில் இன்னும் இருக்கிறது. பெரியம்மை வேறு வைரஸ். இந்தியாவில் 1975இல் அடங்கியது, 1980இல் உலகத்தைவிட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. சின்னம்மைப் பிள்ளையை வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுவதால் முத்து உள்ளே போகாது, அதிகமாகவும் ஆகாது. வியர்வையும் அழுக்கும் போய், ஈரம் ஆவியாகும்போது தோல் குளிர்ந்து, அரிப்புத் தணியும். சீழ் வைக்கும் கிருமிகளும் குறையும். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு முற்றத்து வெயிலில் வைத்த அண்டாத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம். பங்குனி வெயிலில் அது கொதித்துக் கிடக்கும், முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஐந்து, பத்து நிமிடம் போதும். தேய்க்காமல் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் மனம் ஒப்பவில்லை என்றால் சண்டை வேண்டாம். தலைக்கு ஊற்றுவதை அவர்கள் சொல்லும் நாளுக்கு வைத்துக்கொண்டு, உடம்புக்கு மட்டும் தினமும் ஈரத்துணி ஒற்றினாலே பாதிப் பலன் கிடைத்துவிடும்.

வேப்பங்கொத்து விஷயத்தில் நான் அப்பத்தா பக்கம். ரோமம் உள்ள தோலில், மென்மையான வருடலுக்கென்றே ஒருவகை நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் எதாவது நகர்ந்தால்தான் அவை நன்றாகக் கிளம்பும். பக்கத்தில் உட்கார்ந்து அப்பத்தா கொழுந்துக் கொத்தை முதுகில் மெல்ல இழுக்கும் வேகமும் ஏறக்குறைய அதுதான். கழுத்துக்குக் கீழே வைத்து இடுப்பு வரை இழுப்பார், எடுப்பார், மறுபடி கழுத்தில் வைப்பார். ஐந்தாறு இழுப்பில் பிள்ளையின் கை தளரும். அந்தத் தொடுதல் சேதி அரிப்புச் சேதியை மட்டுப்படுத்துகிறது. கொத்தை நன்றாகக் கழுவி, முரட்டுக் காம்பைக் கிள்ளிவிட்டு, கொப்புளத்தை விட்டுப் பக்கத்துத் தோலில் வருட வேண்டும். வேப்பிலைச் சாறு சோதனைக் குழாயில் சில கிருமிகளைக் கொல்கிறது என்பது உண்மை. அதை வைத்துப் பிள்ளையின் அம்மையை அது குணமாக்கும் என்று சொல்ல முடியாது. வேப்பெண்ணெயை மட்டும் சங்கில் ஒரு சொட்டுக்கூட ஊற்றிவிடாதீர்கள். சிறு குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு என்று போய் உயிரையே எடுத்திருக்கிறது. உடைந்த கொப்புளத்தின் மேல் மஞ்சள் பத்துப் போடுவதும் வேண்டாம். சீழ் பிடிக்கும்போது தெரியும் சிவப்பை அது மறைத்துவிடும்.

மெடிக்கலில் கிடைக்கும் ரோஸ் நிறக் கேலமைன் லோஷனும் இதே குளிர்ச்சி வழியில்தான் வேலை செய்கிறது. அதில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. நிறத்துக்குக் கொஞ்சம் இரும்பு ஆக்சைடு. தண்ணீர் ஆவியாகித் தோலைக் குளிர்விக்கும், மிச்சப் பொடி ஈரத்தை உறிஞ்சும். பஞ்சில் தொட்டு ஒற்றுங்கள். கண்ணோரமும் வாய்க்குள்ளும் வேண்டாம். அரிப்புக்கான சிரப் வேண்டுமா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஹிஸ்டமின் மட்டுமே இந்த அரிப்புக்குக் காரணம் இல்லை என்பதால் அந்த சிரப் பாதிதான் கேட்கும். தூக்கம் வரவைப்பதில்தான் அதன் உதவி அதிகம்.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். எடைக்குத் தக்கபடி, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரம் இடைவெளி விட்டு. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 120 முதல் 180 மில்லிகிராம். 5 மில்லியில் 120 உள்ள சிரப்பும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது, பாட்டிலைத் திருப்பிப் படிக்காமல் ஊற்றாதீர்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. சின்னம்மையின்போது அதைக் கொடுத்தால் மூளையும் ஈரலும் ஒருசேரப் பழுதாகும் ரேய் நோய்க்குறி வர வாய்ப்புண்டு. அரிது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. ஐபுப்ரொஃபெனையும் தவிர்க்க வேண்டும். அம்மைப் புண்ணில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி ஆழமாக இறங்குவதோடு அதற்குத் தொடர்பு தெரிகிறது.

தாளிப்பை நிறுத்துவது நல்ல வழக்கம். வாய்க்குள்ளும் முத்துப் போடும், அங்கே உடைந்து புண்ணாகும். நம் சமையலின் காரமும் புளியும் பட்டால் பிள்ளை அடுத்த வாய் திறக்காது. நுங்கு, இளநீர், மோர், ஆறிய பச்சரிசிக் கஞ்சி, குழைந்த பாசிப்பருப்புச் சாதம் எல்லாம் இறங்கும். ஆனால் உப்பை அடியோடு நிறுத்த வேண்டாம். காய்ச்சலில் வியர்க்கும் உடம்புக்கு அது தேவை, கஞ்சியில் சிட்டிகை போடுங்கள்.

நகத்தை ஒட்ட வெட்டி, கையைச் சோப்புப் போட்டு அடிக்கடி கழுவிவிடுங்கள். ராத்திரிக்குப் பருத்திக் கையுறை மாட்டலாம். ஒரு முத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, தொட்டால் சுட்டு வலித்தாலோ, தணிந்த காய்ச்சல் நாலைந்து நாள் கழித்து மறுபடி ஏறினாலோ கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், நிற்காத வாந்தி, நடையில் தள்ளாட்டம், கண்ணில் முத்து, ஆறேழு மணி நேரமாக மூத்திரம் போகாமை, இவற்றில் எதைக் கண்டாலும் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. பிறந்த குழந்தை, ஸ்டீராய்டு அல்லது புற்றுநோய் மருந்து எடுக்கும் பிள்ளை என்றால் முதல் முத்தைப் பார்த்த அன்றே போய்விட வேண்டும். அம்மனுக்குச் செய்யும் மரியாதையும் டாக்டரிடம் போவதும் ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்பதில்லை.

நாலு புள்ளி, அதாவது நாலு குடும்பம், சேர்ந்து வாழும் வளவு வீட்டில் இன்னொரு கவலையும் உண்டு. எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தால் பத்தில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். அதுவும் முத்துத் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். கடைசி முத்தும் பொருக்குத் தட்டும்வரை நிற்காது. அதுவரை பள்ளிக்கும் பால்குடக் கூட்டத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். முன்பு அம்மை வராத கர்ப்பிணி வீட்டில் இருந்தால், பக்கத்தில் வந்தது தெரிந்த அன்றே அவர் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அம்மை இறங்கிய பிறகும் வைரஸ் வெளியேறுவதில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு வேர்களில் பதுங்கிக்கொண்டு, பல பத்தாண்டு கழித்து உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக அக்கியாகக் கிளம்பும். வேளார் வீட்டில் காவி குழைத்து எழுதிக்கொள்கிறோமே, அதே அக்கி. அந்தக் கொப்புள நீரிலிருந்து அம்மை வராத குழந்தைக்குச் சின்னம்மை தொற்றும். அக்கி வந்த ஐயா மூன்று நாளுக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்குவது நல்லது. பொருக்குத் தட்டும்வரை அந்த இடத்தை மூடிக்கொண்டு, பேரக்குழந்தையைத் தூக்காமல் இருக்க வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறது. தன் மூன்று வயது மகன் சின்னம்மையில் துடித்ததைப் பார்த்த ஜப்பானிய மருத்துவர் மிச்சியாக்கி தகஹாஷி 1974இல் உருவாக்கியது அது. நம் நாட்டில் தேசிய இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, குழந்தை மருத்துவரிடம் கேட்டுக் காசு கொடுத்துப் போட வேண்டும்; இரண்டு தவணை, முதலாவது வழக்கமாக 15 மாதத்தில். வீட்டில் ஒரு பிள்ளைக்கு அம்மை கண்ட பிறகும் நேரம் இருக்கிறது. ஒரு வயது தாண்டிய, இதுவரை அம்மையும் வராத, ஊசியும் போடாத மற்றப் பிள்ளைகளுக்கு 3 நாளுக்குள், தப்பினால் 5 நாளுக்குள் போட்டால் நோய் வராமலே போகலாம், வந்தாலும் லேசாக வந்து போகும்.