சோம்பல் அல்ல, நெடுநீர்மை

ப்ரொக்ராஸ்டினேஷன் என்றால் சோம்பல் என்று யார் முதலில் எழுதித் தொலைத்தார்களோ தெரியாது. இன்று கோவை, ஈரோடு, நாமக்கல் என்று கல்லூரிக்குக் கல்லூரி அது பரவிவிட்டது. ஆய்வு மாணவர்களுக்குப் பயிலரங்கு என்றால் ‘சோம்பலை வெல்வோம்’ என்று ஓர் அமர்வு கட்டாயம் இருக்கும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனதால்தான் இதை எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பு எளிது. லத்தீனில் ‘க்ராஸ்’ என்றால் நாளை. ‘ப்ரோ’ என்பது முன்னோக்கி. இன்றைய வேலையை நாளைக்கு என்று முன்னே தள்ளுவது. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. இதில் சோம்பல் எங்கே இருக்கிறது?

பவானி ஜமக்காளத்தைப் பற்றி ஆய்வு செய்யும் மாணவி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தறியடியில் உட்கார்ந்து நெசவாளர்களிடம் பேசிக் குறிப்பேடுகளை நிரப்பிவிட்டார். இனி எழுத வேண்டியதுதான். காலையில் கணினியைத் திறந்ததும் தலைப்பின் எழுத்துருவை மாற்றுகிறார். அடிக்குறிப்புக்கு எண் போடுவதா, உடுக்குறி போடுவதா என்று அரை மணி நேரம் போகிறது. படிக்காத கட்டுரைகளைப் பதிவிறக்கி ஆண்டுவாரியாக அடுக்குகிறார். பிறகு, யாரும் சொல்லாமலே அஞ்சறைப்பெட்டியைக் கவிழ்த்துக் கழுவி வெயிலில் வைக்கிறார். பொழுது சாய்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிடுகிறது. முன்னுரையில் ஒரு வரி கூட ஏறவில்லை. இவரையா சோம்பேறி என்பது?

வள்ளுவர் இந்தக் குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை. ‘நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும் கெடுநீரார் காமக் கலன்’ என்பது 605ஆம் குறள். மடி என்றால் சோம்பல். நெடுநீர் அதிலிருந்து வேறு. நான்கு என்று எண்ணிக்கையும் கொடுத்திருக்கிறார். பரிமேலழகர் நெடுநீருக்கு எழுதிய உரை ‘விரைந்து செய்வதனை நீட்டித்துச் செய்யும் இயல்பு’. அகராதிக்காரர்கள் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியுமா?

சோம்பல் வேண்டாம் என்றால் அடுத்து ஒரு கூட்டம் ‘ஒத்திவைப்பு’ என்று கொடி பிடிக்கிறது. தமிழாகத்தான் இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை. சட்டமன்றத்தை ஒத்திவைக்கிறார்கள், வழக்கை ஒத்திவைக்கிறார்கள், மழை வந்தால் தேர்வை ஒத்திவைக்கிறார்கள். அதற்கு அதிகாரம் உள்ள ஒருவர் வேண்டும், ஓர் அறிவிப்பு வேண்டும், பெரும்பாலும் மறு தேதியும் உண்டு. தனக்குத் தானே மழுப்பிக்கொண்டு அஞ்சறைப்பெட்டி கழுவுகிறவர் எந்த அறிவிப்பை வெளியிட்டார்? ‘தள்ளிப்போடுதல்’ பேச்சுக்குச் சரி. ஆனால் முகூர்த்தம் அமையாமல் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவதற்கும் அதே சொல்தான். ‘காலதாமதம்’ என்பவர்களிடம் ஒரு கேள்வி: தாமதம் காலத்தில் நடக்காமல் வேறு எதில் நடக்கும்?

தாமதம் எல்லாமே குற்றமும் அல்ல. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று ஆறப்போட்டுச் செய்ய வேண்டியதை ஆறப்போடச் சொன்னவரும் வள்ளுவர்தான். கீழ்பவானிப் பாசனத்துக்காரருக்கு இது சொல்லாமலே தெரியும். வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில்தான் வாய்க்காலில் தண்ணீர் விடுவார்கள். அதுவரை அவர் காத்திருப்பதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தண்ணீர் வந்து, விதைநெல்லும் வீட்டில் இருந்து, நாற்றங்கால் போடாமல் திண்ணையில் ஊர் நாயம் பேசிக்கொண்டிருந்தால் அப்போதுதான் பேச்சு வரும். துணிந்த பிறகும் இழுப்பது என்ற இந்தக் கூறு சோம்பலிலும் இல்லை, ஒத்திவைப்பிலும் இல்லை.

ஆகவே என் ஓட்டு ‘நெடுநீர்மை’க்கு. வெறும் நெடுநீர் என்றால் புறநானூற்றின் ‘நெடுநீர்க் குட்டம்’ நினைவுக்கு வந்து ஆழமான குளத்தில் இறங்கிவிடுவோம். குறளிலேயே பக்கத்தில் கலன், அதாவது மரக்கலம், மிதப்பதால் வள்ளுவர் அந்த இரட்டைப் பொருளை ரசித்துத்தான் வைத்தார் என்று எனக்கு ஒரு சந்தேகம். ‘மை’ சேர்த்தால் தண்ணீர் வடிந்து குணம் நிற்கிறது. பழைய சொல், யாருக்கும் புரியாது என்பார்கள். கணினியும் இணையமும் ஒரு காலத்தில் யாருக்குப் புரிந்தது?

இதன் கூட்டாளிக்குக் ‘கவனச்சிதறல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உளவியல் பாடநூலில் இருந்துவிட்டுப் போகட்டும். எழுத உட்கார்ந்தவர் கைப்பேசியை எடுத்து யாரோ ஒருவர் வீட்டுப் புதுமனை புகுவிழாப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் ‘பராக்குப் பார்ப்பது’ என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். சிதறல் என்றால் கவனம் தானாக உடைந்ததுபோல், பாவம், நமக்கு அதில் பங்கே இல்லாததுபோல் ஒலிக்கிறது. பராக்கில் பார்க்கிறவர் பிடிபட்டுவிடுகிறார். பட்டிக்காட்டுச் சொல் என்று மொழிபெயர்ப்பாளர்கள் கூசுகிறார்கள். அந்தக் கூச்சத்தால்தான் பாதிக் கலைச்சொற்கள் இப்படிக் கஞ்சி போட்டு விறைத்து நிற்கின்றன.

வேடிக்கை என்னவென்றால், பரிமேலழகரின் ‘நீட்டித்து’ நம் பல்கலைக்கழகங்களில் உயிரோடுதான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள் வரை கிடைக்கும். அதற்கு எழுதும் கடிதத்தின் பொருள் வரி ‘கால நீட்டிப்பு வேண்டுதல்’. அந்தக் கடிதத்தை மட்டும் யாரும் நாளைக்கு என்று விடுவதில்லை.