அப் இனிஷியோ: தமிழில் 'அடிமுதல்'

அணுக்கரு இயற்பியலில் இப்போது எங்கு பார்த்தாலும் தென்படும் சொல் 'அப் இனிஷியோ'. லத்தீன் தொடர் இது. 'அப்' என்றால் 'இருந்து'. 'இனிஷியோ' என்பது தொடக்கத்தைக் குறிக்கும் 'இனிஷியம்' என்ற சொல்லின் வேற்றுமை ஏற்ற வடிவம். சட்டத்தில் இது வெகுகாலமாக உண்டு. ஓர் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று சொல்ல வழக்கறிஞர்கள் கையாளுவார்கள். அறிவியலில் இது வேதியியலில்தான் முதலில் வேரூன்றியது. பென்சீன் மூலக்கூறு பற்றி பார், கிரெய்க், ராஸ் ஆகிய மூவரும் 1950இல் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைக் காணலாம்.

சரி, அணுக்கருவில் இதற்கு என்ன பொருள்? 1935இல் ஜெர்மன் இயற்பியலாளர் வைட்சேக்கர் தந்த, அணுக்கருவின் நிறையைக் கணக்கிடும் சூத்திரத்தில் சில கெழுக்கள் உண்டு. அளந்து வைத்திருக்கும் அணுக்கரு நிறைகளுக்குப் பொருந்தும்படி அவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். நல்ல சூத்திரம்தான், இன்றும் பயன்படுகிறது. ஆனால் எதை விளக்க வேண்டுமோ அதிலிருந்தே எண்களை எடுத்துக்கொள்கிறது. அப் இனிஷியோ முறையில் அதற்கு இடமில்லை. இரண்டு நியூக்ளியான்கள், அதாவது புரோட்டான்களோ நியூட்ரான்களோ, மோதிச் சிதறும் சோதனைகளிலிருந்தும் டியூட்ரானின் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) பிணைப்பாற்றலிலிருந்தும், அதாவது அதைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலிலிருந்தும், விசையை நிர்ணயிப்பார்கள். மூன்று நியூக்ளியான்களுக்கு இடையிலான விசையை மிகச் சிறிய அணுக்கருக்களைக் கொண்டு நிர்ணயிப்பார்கள். அப்புறம் அந்த விசையில் கை வைக்கக் கூடாது. கார்பனோ கால்சியமோ, குவாண்டம் இயக்கவியல் சமன்பாட்டைத் தீர்த்து வரும் விடைதான் விடை.

இந்தக் கட்டுப்பாடு எவ்வளவு பயன் தந்தது என்பதை டிரைட்டான் காட்டுகிறது. ஒரு புரோட்டான், இரண்டு நியூட்ரான்கள் கொண்ட அணுக்கரு. இதன் பிணைப்பாற்றல் 8.48 மெகா எலக்ட்ரான் வோல்ட். சிதறல் சோதனைகளுக்கு மிக நன்றாகப் பொருந்தும் 'ஆர்கான் வி18' என்ற இருதுகள் விசையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 7.6 அளவுதான் வருகிறது. ஹீலியம்-4க்கு 28.3 வர வேண்டும். சுமார் 24தான் கிடைக்கிறது. கணக்கில் பிழை இல்லை, இயற்கையில் இருக்கும் ஒரு விசை கணக்கில் இல்லை. மூன்றாவது நியூக்ளியான் அருகில் இருக்கும்போது, இரண்டிரண்டாகச் சேரும் விசைகளைக் கூட்டினால் மட்டும் போதாது. ஜப்பானிய இயற்பியலாளர்கள் ஃபுஜிதாவும் மியாசாவாவும் 1957லேயே முன்வைத்த மூன்று துகள் விசை இங்கேதான் தன் இடத்தைப் பிடித்தது. எண்களைத் தட்டிச் சரிசெய்யும் முறையாக இருந்திருந்தால் இந்த இடைவெளி கண்ணில் பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

அதே விசை ஆக்ஸிஜனிலும் வேலை செய்கிறது. ஆக்ஸிஜன் அணுக்கரு மொத்தம் 24 நியூக்ளியான்களுக்கு மேல் தாங்காது. இருதுகள் விசையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அந்த எல்லை அங்கே நிற்பதில்லை, இன்னும் கனமான ஐசோடோப்புகளும் நிலைக்க வேண்டும் என்று வருகிறது. மூன்று துகள் விசையைச் சேர்த்தால் 24இல் நிற்கிறது. விண்மீன்களில் கார்பன் உருவாகக் காரணமான ஹாய்ல் நிலையை, அதாவது கார்பன் அணுக்கருவின் ஒரு கிளர்வு நிலையை, 2011இல் இந்த வழியில் கணக்கிட்டார்கள். 2022இல் ஈயம்-208 வரை எட்டிவிட்டார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'முதற்கொள்கைக் கணக்கீடு' என்று எழுதலாம். ஆனால் அது கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிடுகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் முதற்கொள்கை என்பது நியூக்ளியான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளையும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களையும் பற்றிய குவாண்டம் நிறவியக்கவியல். அணுக்கரு அப் இனிஷியோ அங்கே தொடங்குவதில்லை, நியூக்ளியான்களில் தொடங்குகிறது. நியூக்ளியான் விசையைக் குவாண்டம் நிறவியக்கவியலின் சமச்சீர்களைக் கொண்டு அமைக்க 1990களின் தொடக்கத்தில் இயற்பியலாளர் வைன்பெர்க் காட்டிய வழி அந்த ஆழத்தோடு ஒரு தொடர்பை ஏற்படுத்தித் தருகிறது, அவ்வளவுதான்.

நான் பரிந்துரைப்பது 'அடிமுதல்'. 'அடிமுதல் நுனிவரை' என்று பேச்சிலேயே இருக்கும் சொல். 'இன்று முதல்' என்பதில் 'முதல்' செய்யும் வேலையைத்தான் லத்தீனில் 'அப்' செய்கிறது. 'அடி' மற்ற பாதிக்குப் பொருந்துகிறது. எந்த அடி என்பதைத் துறை சொல்லிக்கொள்ளலாம்: இங்கே நியூக்ளியான்களும் அவற்றின் விசையும், வேதியியலில் எலக்ட்ரான்களும் மின்விசையும். அடிமுதல் கணக்கீடு, அடிமுதல் முறை, 'ஈயம்-208 அடிமுதல் கணக்கிடப்பட்டது' என்றெல்லாம் தடங்கலில்லாமல் எழுதலாம். சட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே 'தொடக்கத்திலிருந்தே செல்லாதது' என்பதே இருக்கட்டும்.