பழைய பூட்டுக்குள் சாவி என்ன செய்கிறது?

‘எங்கள் பழைய வீட்டில் ஒரு அறையின் சாவி இன்னொரு அறையையும் திறக்கிறது. பூட்டு கெட்டுவிட்டதா?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கெடவில்லை. அந்தப் பூட்டின் அமைப்பே அப்படி.

கதவின் உட்பக்கம் இரும்புப் பெட்டியாகத் திருகியிருக்கும் வகை அது. மூடியைக் கழற்றினால் கைப்பிடியோடு நகரும் கொண்டி, சாவியோடு நகரும் நாக்கு, ஒரு லீவர், ஸ்பிரிங்குகள். கொண்டியில் சொல்ல அதிகமில்லை: கைப்பிடி இழுக்கும், ஸ்பிரிங் தள்ளும்.

அழகெல்லாம் நாக்கில்தான். அதன் மேல் விளிம்பில் இரண்டு சிறு வெட்டுகள், கீழ் விளிம்பில் கவிழ்த்த ‘ப’ போல ஒரு பள்ளம். லீவரின் பக்கவாட்டு முளை மேல்வெட்டு ஒன்றில் இறங்கியிருக்க, ஸ்பிரிங் அதை அழுத்திப் பிடித்திருக்கும். சாவி முழுச் சுற்று சுற்றினாலும் வேலை நடப்பது அதன் பல் உச்சிக்கு வரும் அந்தச் சிறு தூரத்தில்தான். பல் ஏறும்போது முதலில் லீவரின் வயிற்றைத் தொட்டுத் தூக்கும். முளை வெட்டை விட்டு விலகும். பிறகே பள்ளத்துக்குள் நுழைந்து நாக்கை ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தள்ளும். பல் இறங்க, லீவர் விழுந்து முளை அடுத்த வெட்டில் ‘டக்’கென்று உட்காரும். தூக்கு, தள்ளு, விடு. மூன்றையும் வரிசை மாறாமல் ஒரே பல் செய்துமுடிக்கிறது!

சாவியின் வேலை அவ்வளவே.

இனி கேள்விக்கு வருவோம். சாவித்துளையைச் சுற்றிப் பெட்டியிலும் மூடியிலும் வளைந்த மெல்லிய தகடுகள் நிற்கும். இவையே வார்டுகள். சாவிப்பல்லில் அவற்றுக்கு நேராக வெட்டு இருந்தால் சாவி சுற்றும், இல்லையேல் முட்டி நிற்கும். வார்டு வழிமறிக்குமே தவிர நாக்கைப் பிடித்து வைக்காது. ஆகவே லீவரையும் நாக்கையும் தொடும் நுனியை மட்டும் விட்டு மற்றதை அராவிய சாவி பல பூட்டுகளைத் திறந்துவிடும். தேய்ந்த சாவியும் அப்படித்தான். இந்தக் குறைக்கு 1778இல் இங்கிலாந்தின் ராபர்ட் பேரன் மாற்று கண்டார்: குறைவாகத் தூக்கினாலும் கூடுதலாகத் தூக்கினாலும் திறக்காத லீவர்கள். வாசல் கதவுக்கு அத்தகைய லீவர் பூட்டே போடுங்கள். வார்டு பூட்டு உள்ளறைக்குப் போதும்.

பழுது பார்ப்பதென்றால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டே கழற்றுங்கள். முதலில் கைப்பிடி, சதுரக் கம்பி, பிறகு பெட்டி. பெட்டியைப் படுக்கவைத்து மூடியை நேராகத் தூக்குங்கள், சாய்த்தால் ஸ்பிரிங் தெறிக்கும். எதையும் தொடும் முன் ஒரு படம் எடுங்கள். பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, உரசும் இடங்களில் பென்சில் கரித்தூளைத் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியைப் பிடித்துப் பசையாகிவிடும்.

பாகங்களைத் திரும்ப மாட்டும்போது நாக்கு முதலில், அதன்மேல் லீவர், பிறகு கொண்டி, கடைசியில் ஸ்பிரிங்குகள். மூடும் முன் சாவியால் பூட்டி, நாக்கைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே போனால் லீவர் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, அல்லது முளை தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கைத் தீயில் காட்டி வளைக்காதீர்கள், விறைப்பு போய்விடும், புதிதாகப் போடுங்கள். மூடும்வரை இலகுவாகச் சுற்றிய சாவி மூடியதும் இறுகினால் மூடியிலுள்ள வார்டு சாய்ந்திருக்கிறது. குறடால் மெல்ல நிமிர்த்தினால் போதும்.