தூக்க வேண்டாம், தலையைப் பிடியுங்கள்

ஏற்காடு மலைப்பாதையில் பைக் சறுக்கி விழுந்தாலும், எஸ்டேட்டில் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்தாலும், ஓடி வருகிறவர்கள் செய்வது ஒன்றுதான். கைத்தாங்கலாகத் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கிடைத்த வண்டியில் ஏற்றி அனுப்புவார்கள். சேலத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு அந்த மனசின் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் கழுத்து எலும்பு முறிந்திருந்தால், அப்படித் தூக்குவதே ஆபத்தாகிவிடும்.

கழுத்தில் இருப்பவை 7 முள்ளெலும்புகள். அவற்றுக்குள்ளேதான் தண்டுவடம் இறங்குகிறது. எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பியிருக்கலாம். அந்த நேரத்தில் தலை துவண்டு தொங்கினால் அதுவும் நசுங்கி, கை கால் செயலிழக்கலாம். சுவாசத்துக்கான முக்கிய நரம்பும் கழுத்திலிருந்துதான் கிளம்புகிறது. அது கிளம்பும் இடத்துக்கு மேலே அடி பலமாக இருந்தால் மூச்சே நின்றுவிடும்.

சரி, என்ன செய்வது? முதலில் 108-ஐ அழையுங்கள். மலைப்பாதை என்றால் எந்தக் கொண்டை ஊசி வளைவு என்று சொல்லுங்கள். 20 வளைவுகளுக்கும் எண் இருக்கிறது. மேலும் கீழும் ஆளை நிறுத்தி வண்டிகளை மறியுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, முழங்கைகளைத் தரையில் ஊன்றி, இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். கழுத்து திரும்பியிருந்தால் நேராக்க இழுக்காதீர்கள். துண்டைச் சுருட்டிக் கழுத்தில் கட்டவும் வேண்டாம். வெறும் கைகளே போதும். நினைவோடு இருந்தால், "தலையை ஆட்டாதீங்க, வாயால பதில் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். அவராகவே முரண்டு பிடித்தால் மல்லுக்கட்டி அமுக்கக் கூடாது.

ஹெல்மெட்? மூச்சு சீராக இருந்தால் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு அப்படியே விடுங்கள். மூச்சு இல்லையென்றால் கழற்றித்தான் ஆக வேண்டும்: ஒருவர் தாடையையும் பிடரியையும் தாங்க, இன்னொருவர் மெல்ல உருவ வேண்டும். உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்குங்கள். கழுத்தைவிட மூச்சு முக்கியம். தீயோ உருளும் பாறையோ இருந்தாலும் நகர்த்தியே தீர வேண்டும். வாந்தி வந்தால், தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேரத்தில் மரக்கட்டை போல் ஒருக்களித்துத் திரும்பட்டும். அதற்கு மூன்று நான்கு பேர் வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர் சொல்கிறபோதுதான் மற்றவர்கள் திருப்ப வேண்டும்.

போலீஸ், கேஸ் என்று பயந்து ஒதுங்காதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.

ஆம்புலன்ஸ் வந்ததும் கையை எடுத்துவிடாதீர்கள். கழுத்துப்பட்டை மாட்டினாலும் தலை கொஞ்சம் அசையும். அவர்களில் ஒருவர் தலையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு "விடுங்க" என்று சொன்ன பிறகே விடுங்கள்.